தோற்றதற்கு ரசீது உண்டா?

வீட்டில் இருக்கிற கண்ணாடித் தராசு 150 கிலோ வரைக்கும்தான். நான் ஏறினால் ஒரு விநாடி யோசித்துவிட்டு, கோடு கோடாகக் காட்டி அணைந்துபோகும். அதனால் கடையில் பித்தளை நிறுக்கிற மேடைத் தராசில்தான் என் எடையைப் பார்ப்பது. அது 300 கிலோ தாங்கும், வருஷா வருஷம் முத்திரை போட்டது. காலையில் ஷட்டரை அரைவாசி தூக்கிவிட்டு, கடைப் பையன் வருவதற்குள் ஏறி இறங்கிவிடுவேன். ஒருநாள் அவன் முந்திக்கொண்டான். தராசின் மேல் சட்டையில்லாமல் நிற்கிற முதலாளியைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தான். பத்து நிமிஷம் கழித்து, பெருக்கிக்கொண்டே, "அண்ணே, அந்தக் கோட்டையூர் அண்டா நாலு சேர்ந்தா நீங்க" என்றான். மனசுக்குள் கணக்குப் போட்டேன். அண்டா 38 கிலோ. சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனக்குப் பழைய சாமான் கடை. தேக்குத் தூண், மங்குத் தட்டு, அண்டா, பூட்டு, ரவிவர்மா அச்சுப் படம், எது வந்தாலும் எடுப்போம். வயது 46. சர்க்கரை வந்து எட்டு வருஷம். மாடிப்படி ஏறி இறங்கி ஐந்தாறு வருஷம் இருக்கும். பரணில் கிடக்கிற சாமானைப் பையன்தான் ஏறிப் படமெடுத்து வந்து போனில் காட்டுவான்.

எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுக்க வைத்தது ஒரு நாற்காலி. போன சித்திரையில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குச் சாமான் பார்க்கப் போயிருந்தேன். பட்டாலையில் பர்மாத் தேக்கு நாற்காலி, பிரம்புப் பின்னல். "உக்காருங்க தம்பி" என்றார்கள் ஆச்சி. இந்த மாதிரி நாற்காலியைக் கண்டால் நான் உட்காருகிறவன் இல்லை, திண்ணையைத் தேடிப் போய்விடுவேன். அன்றைக்கு வெயில், மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டேன். பிரம்பு ஒரேயடியாகக் கிழியாது. முதலில் ஓர் இழை டிக்கென்று போகும், அப்புறம் பக்கத்து இழை. பதறி எழுந்திருக்கப் பார்க்கிறோம் இல்லையா, அந்த உந்தலில்தான் மிச்சம் எல்லாம் போகும். சட்டத்துக்குள் இறங்கி மாட்டிக்கொண்டேன். பையனும் அந்த வீட்டு டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆச்சி மரியாதையாக வளவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாற்காலியை 6,000 ரூபாய் கொடுத்து நானே வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில்தான் கிடக்கிறது, சட்டம் மட்டும்.

ஆனி மாதம் மதுரைக்குப் போனோம். டாக்டர் எடை பார்த்தார், உயரம் பார்த்தார். 152.4 கிலோ, 168 செ.மீ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. எனக்கு 54. நம் ஊர் உடம்புக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கு. ஸ்லீவ் என்கிற ஆபரேஷன் செய்யலாம் என்றார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் பருமனுக்குக் குழாய் மாதிரி விடுவது. பசியைத் தூண்டுகிற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற மேல் பகுதி வெட்டுகிற துண்டோடு போய்விடும், அதனால் பசியும் குறையும். எனக்கு அப்போதே பாதி இளைத்த மாதிரி இருந்தது. எப்போது சேரலாம் என்று கேட்டேன்.

"முதல்ல 141-க்கு வாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இளைக்க முடியாமல்தானே ஐயா உங்களிடம் வந்திருக்கிறேன்?

அவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைத் தினம் கேட்கிறவர் போல. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைக்கு மேலே கல்லீரலின் இடது மடல் கவிந்து கிடக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதில் கொழுப்பு ஏறி, வீங்கி, எளிதில் கிழிகிற பதத்தில் இருக்கும். சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் உள்ள இரைப்பையில் வேலை செய்ய வேண்டும். கனத்துக் கிடந்தால் தூக்க முடியாது, தூக்கினால் ரத்தம் கசியும். எனக்கு இது உடனே பிடிபட்டது. பழைய வீட்டு அறையில் மழைத்தண்ணீர் குடித்து ஊறிய இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில் பெட்டி மாட்டியிருக்கும். மெத்தையைத் தூக்கினால் கிழியும், பெட்டியை இழுத்தால் ஒடியும். நாலு நாள் காயவிட்டுத்தான் கைவைப்போம். டாக்டரிடம் இதைச் சொன்னேன். "அதேதான், காயவிட்டுட்டு வாங்க" என்றார்.

எல்லா டாக்டர்களும் இப்படி ஓர் எண்ணைக் கேட்பதில்லையாம். பி.எம்.ஐ. 50-க்கு மேல் இருந்தால் மயக்க மருந்துக்கும் ஆபத்து கூடுகிறது, அதனால் 50-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுத்தான் தொடுவேன் என்பது இவருடைய கணக்கு. என் உயரத்துக்கு அந்த 50 என்பதுதான் 141 கிலோ. கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1-லிருந்து 8-க்குக் கீழே வரவேண்டும். தூக்கப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, மனநல ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரப் பேச்சு. எடை குறைக்க வாராவாரம் போடுகிற புது ஊசியைப் பற்றியும் கேட்டேன். போடலாம் என்றார், மாதச் செலவையும் சொன்னார். பேச்சை மாற்றிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கீழே காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு தாளை நீட்டினார். உடல்பருமன் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு எப்போது செல்லும் என்று, காப்பீட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் விதி வகுத்தது. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40-ஐ எட்டியிருக்க வேண்டும், அல்லது 35-ஐ எட்டி, கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கு வராத சர்க்கரை போன்றவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இதுவரை சரி. அப்புறம், வெட்டாமல் கொள்ளாமல் எடை குறைக்கிற மற்ற வழிகளைச் செய்து பார்த்து அவை தோற்றிருக்க வேண்டும் என்றும் அந்தத் தாளில் இருந்தது.

"தோத்ததுக்கு ஆதாரம் வேணும் சார். ஜிம் பில், டயட்டீஷியன் பில், ஏதாவது."

ஆக, மாடியில் இருக்கிறவருக்கு நான் இளைத்துக் காட்ட வேண்டும். கீழே இருக்கிற தாளுக்கு, என்னால் இளைக்க முடியாது என்று காட்ட வேண்டும். மனைவி காரில் மேலூர் தாண்டும்வரை பேசவில்லை. திருப்பத்தூர் வந்ததும், "எது நடந்தாலும் ஒரு பக்கம் பாஸ்தான்" என்றாள்.

தோற்றதற்கு ரசீது தேடினோம். பீரோவில், புடவைக்கு அடியில், பழைய டைரிகளில். செக்காலைப் பக்கம் ஒரு ஜிம்மில் வருஷக் கட்டணம் கட்டி 11 நாள் போனது, 2017. ஏதோ ஒரு பொடி, டப்பா 2,800 ரூபாய், ஆறு டப்பா வாங்கியிருக்கிறேன். கொள்ளு மாத்திரை. வயிற்றில் கட்டிக்கொண்டால் அதிர்கிற பெல்ட் ஒன்று, அதை அப்புறம் ஒரு பழைய ரேடியோவுக்கு மாற்றிக்கொண்டேன், அதற்கு ரசீது இல்லை. எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பில் போட்டேன். வியாபாரக் கணக்கைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை.

சாப்பாட்டுக் கணக்கு எழுதச் சொல்லியிருந்தார் டயட்டீஷியன். முதல் மூன்று நாள் எழுதியதைப் போனில் அனுப்பினேன். "பலகாரம், கொஞ்சம்" என்று நாலு இடத்தில் இருந்தது. "கொஞ்சம்னா எத்தனை கிராம்?" என்று பதில் வந்தது. குத்துவிளக்கில் 50 கிராம் குறைந்தால் விற்க வந்தவரோடு மல்லுக்கட்டுகிறவன் நான். என் வாய்க்குள் போவதை ஒருநாளும் எடை போட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானமே வெள்ளி நிறுக்கிற சின்னத் தராசில் ஒரு வெள்ளைப் பணியாரத்தை வைத்தேன். 38 கிராம். தாளில் எடுத்துவைத்து, பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், தாளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் வட்டம், அதற்குள் அடுத்த பக்கத்து எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. பச்சரிசியை அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, பால் கலந்து, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற வேண்டும். ஊற்றியதும் அடியில் போய், பூவாக விரிந்து மேலே வரும். நடுவில் வெள்ளை, ஓரத்தில் லேசாகச் சொரசொரப்பு. வரமிளகாய்த் துவையலோடு நான் உட்கார்ந்தால் எட்டு. அதற்கு "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுச் சாப்பாட்டை அடக்குவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. மனைவி சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் குப்புறக் கவிழ்ப்பாள், அவ்வளவுதான். முட்டை, மீன், பாசிப்பயறு, கீரை, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டியில் இரண்டு கரண்டி. 1,200 கலோரிக்குள் நின்றுவிடும். தொல்லை என் தொழிலில் இருந்தது. சாமான் எடுக்கப் போகிற வீடெல்லாம் செட்டிநாட்டு வீடு. பேரம் பேசுவதற்கு முன்னால் தட்டு வரும். கந்தரப்பம், சீயம், தேன்குழல், கவுனி அரிசி. ஆடி மாதமாக இருந்தால் கும்மாயம், நெய் விரலில் வழியும். தட்டைத் தொடாதவனிடம் எந்த ஆச்சியும் அலமாரிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். சர்க்கரை இருக்கிறது என்றால், "ஒண்ணே ஒண்ணு, கருப்பட்டிதானே" என்பார்கள். டயட் என்றால் சிரிப்பார்கள். ஆபரேஷன் என்று ஒரு வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "வாயைக் கட்டுனாப் போதாதா, வயித்த எதுக்கு வெட்டணும்?" என்று ஆரம்பித்து, அடுத்த வீட்டு ஆச்சியையும் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் சாமானும் கொடுக்கவில்லை, இரண்டு சீயத்தையும் தின்றுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் விரதத்தைப் பிடித்தேன். "இன்னைக்கு விரதம் ஆச்சி." அவ்வளவுதான், தட்டு மரியாதையாக உள்ளே போய்விடும், மோர் வரும். குன்றக்குடி முருகனுக்கு ஒரு கிருத்திகை, ஒரு சஷ்டி, சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்காரர், புரட்டாசியில் சனிக்கிழமை. ஒரே வீட்டுக்கு ஒரு மாதத்தில் நாலு தரம் போக வேண்டி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். "இன்னைக்கு நவமியாச்சே தம்பி, நவமிக்கு என்ன விரதம்?" என்று காலண்டரைப் பார்த்துக் கேட்டார்கள். ராமர் என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் மோர்தான் வந்தது.

ஆவணி நடுவில் 147. ஆபரேஷனே வேண்டாமோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் தராசு அசையவில்லை. 146.2, 146.4, 146.1. அதே கிண்ணச் சோறு, காலையில் கல்லூரி மைதானத்தில் அதே நடை, பத்து நிமிஷம் நடந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பத்து. முதலில் குறைந்ததில் பாதி தண்ணீர் என்றார் டயட்டீஷியன். உடம்பு தனக்குள் சேர்த்துவைத்த சர்க்கரையைக் கரைக்கும்போது அதோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும் இறங்கும், அதுதான் முதல் இரண்டு வாரத்து வேகம். அப்புறம் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். நம் ஊரில் சேமிப்பைத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்போம். என் உடம்பு அதை எனக்கு எதிராகவே செய்தது.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 62 தரம் மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையானதாம். மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கிற சி-பேப் எந்திரத்தைக் கொடுத்தார்கள். முதல் வாரம் யானைத் தும்பிக்கையோடு படுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம், காலையில் எழுந்தபோது தலை கனக்கவில்லை, கடையில் மத்தியானம் தூங்கி விழவில்லை. பசிகூடக் கொஞ்சம் அடங்கியது. என் குறட்டைக்குப் பயந்து எட்டு வருஷமாகப் பக்கத்து அறையில் படுத்த மனைவி திரும்பி வந்தாள். எடை அசைந்ததைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தீபாவளிக்கு 147.8. காரணம் எழுதத் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் எடை 152-லிருந்து 146-க்கு இறங்கியிருக்கிறதே, உணவுக் கட்டுப்பாடு பலன் தருகிறதே, அப்படியிருக்க அறுவை சிகிச்சை ஏன் அவசியம்? படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். தோல்விக் கோப்பில் ஒரு வெற்றித் தாள் கலந்துவிட்டது. இரவெல்லாம் எந்திரத்தை மாட்டிக்கொண்டு போனில் தேடினேன். அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்கிற டாக்டர்களின் சங்கம் 2016-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் இத்தனை குறைத்தால்தான் பணம் என்று காப்பீட்டுக்காரர்கள் கட்டாயப்படுத்துவதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று. அங்கே குறைக்காவிட்டால் பணம் இல்லை, எனக்குக் குறைத்ததால் பணம் இல்லை.

டாக்டர் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இது ஆபரேஷனுக்கான தயாரிப்பு, சிகிச்சை அல்ல. 141 கிலோவிலும் இவருடைய பி.எம்.ஐ. 50, விதி கேட்பது 40. இவ்வளவுதான். கூடவே தீபாவளிக்கு ஏறிய 147.8-ஐயும் இணைத்தார்கள். அந்த அதிரசங்கள் எனக்கு அந்த வகையில் உதவின. மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது.

கார்த்திகை முடியும்போது 144.1, மூன்று மாதச் சர்க்கரை 7.4. மிச்சத்தைத் திரவ உணவு பார்த்துக்கொள்ளும் என்று தேதி குறித்தார்கள். இரண்டு வாரம், நாளைக்கு 800 கலோரி. வெனிலா வாசத்தில் புரோட்டீன் மாவு மூன்று வேளை, தெளிந்த ரசம், மோர், கோழிச் சாறு வடிகட்டியது. இளநீர்கூடக் கிடையாது. மெத்தை காய்வது இந்த இரண்டு வாரத்தில்தான். சர்க்கரை மாத்திரையையும் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் மயக்கம் போட்டு விழுவோமாம். இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் எல்லோர் மேலும் எரிச்சல். நாலாம் நாள் ஒரு வெண்கலப் பானையை 700 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன், பேரம் பேசத் தெம்பில்லை. ஐந்தாம் நாளிலிருந்து பசி விட்டுவிட்டது. ஆனால் மூக்கு விடவில்லை. பக்கத்துக் கடையில் வெங்காயம் தாளித்தால் அதில் சோம்பு எத்தனை விழுந்தது என்று சொல்லிவிடுவேன். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டில் கரண்டி படாமல் சாப்பிட்டார்கள். அது இன்னும் கொடுமையாக இருந்தது. கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை கடைத் தராசில் 141.3. பையன் பக்கத்திலேயே நின்றான், இப்போது ஒளிவு மறைவு இல்லை. "நம்ம தராசு எப்பவும் அரைக் கிலோ குறைச்சுத்தான் காட்டும்னு ஊரே சொல்லுதேண்ணே" என்றான். மதுரை போகிற வழியெல்லாம் அந்த அரைக் கிலோதான் மனதில் ஓடியது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாட்ச், பெல்ட், பர்ஸ், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறினேன்.

140.8.

எடை பார்க்கிற பெண் நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டு, "செருப்பப் போட்டுக்கங்க, அடுத்தவங்க வாங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன். புதன் முதல் பத்து நாளைக்குக் கடையைப் பையன் பார்த்துக்கொள்வான், சாமான் கொண்டுவருகிறவர்கள் அவனிடமே கொடுக்கலாம். தராசு சரியாகத்தான் இருக்கிறது.